மூன்றாம் வாசனை

“எந்தக் கடையில சாப்ட்டீங்க? பொய் சொல்லாமச் சொல்லுங்க.”

ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு வந்த சிலுவைமுத்து, வீட்டுக்குள் ஒரு கால்தான் வைத்திருந்தார். அதற்குள் மனைவி ஆரோக்கியம்மாள் அவர் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டாள்.

தவக்காலம். ஈஸ்டர் வரை கறி, மீன் தொடுவதில்லை என்று இருவரும் சேர்ந்து நேர்ந்திருந்தார்கள். மீறுகிறவர் வேளாங்கண்ணிக்கு நடந்தே போக வேண்டும். நிபந்தனை ஆரோக்கியம்மாள் போட்டது. போன தவக்காலத்தில் பேகம்பூர் பிரியாணிக் கடையில் எலும்பும் கையுமாகப் பிடிபட்டவர் சிலுவைமுத்து. மாடிப்படியைப் பார்த்தாலே அடம்பிடிக்கிற முழங்கால் வேறு அவருக்கு.

“சத்தியமா சாப்பிடலடி. இது சென்ட்டு” என்றார்.

சென்னையிலிருந்து வந்திருந்த மருமகன் பிராங்கிளின் கடைக்கே வந்து பாட்டிலைக் கொடுத்து, மணிக்கட்டில் அடித்தும் விட்டுப் போயிருந்தான். ஆண், பெண் இருவரும் போடலாமாம். உடம்புச் சூட்டுக்கு வாசனை மாறிக்கொண்டே வருமாம். முதலில் எலுமிச்சையும் இஞ்சியும், பிறகு மிளகும் ஏலக்காயும், கடைசியில் சந்தனம்.

“எலுமிச்ச, இஞ்சி, மிளகு, ஏலக்கா. அரிசியும் கறியுந்தான் பாக்கி. தின்னுட்டு, மறைக்கிறதுக்கு இத அடிச்சிருக்கீங்க.”

“செத்த நேரம் பொறு. சந்தனம் வருதா இல்லையான்னு நீயே பாரு. பிரியாணி தின்ன கை சந்தனமா மணக்குமா?”

இதற்கு மட்டும் அவள் சம்மதித்தாள். சிலுவைமுத்து ஊசி போட வந்தவர்போலக் கையை நீட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். டிவியில் சீரியல் ஓடியது. விளம்பரம் வரும்போதெல்லாம் ஆரோக்கியம்மாள் குனிந்து முகர்ந்தாள். எலுமிச்சை அடங்கிப் போயிருந்தது. ஆனால் மிளகும் ஏலக்காயும் கைகோத்து மேலே ஏறி நின்றன.

“இது மட்டன். கோழி இப்படி மணக்காது” என்று தீர்ப்புச் சொன்னாள்.

சிலுவைமுத்துவுக்கே பயம் வந்துவிட்டது. ஞாபகமில்லாமல் சாப்பிட்டுவிட்டோமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தார். தவக்காலத்தில், அதுவும் திண்டுக்கல்லுக்கு, ஏலக்காய் சென்ட் வாங்கி வருவானா ஒருத்தன்? மருமகனை மனதுக்குள் வறுத்தெடுத்தார். வேளாங்கண்ணி எவ்வளவு தூரம் என்று யோசித்தபோதே முழங்கால் வலித்தது.

அடுத்த விளம்பரத்திலும் ஏலக்காய்தான். ஒரு சீரியல் முடிந்தது. இன்னொன்றும் முடியப்போகும் நேரத்தில் அவள் முகர்ந்தாள். நம்பாமல் மறுபடியும் முகர்ந்தாள். மணிக்கட்டில் மிளகும் இல்லை, ஏலக்காயும் இல்லை. பூசி வைத்ததுபோல் சந்தனம்.

சிலுவைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து வீட்டு வழக்கு ஒன்றில் அவர் ஜெயிப்பது இதுதான் முதல் தடவை.

ஆரோக்கியம்மாளும் இறங்கி வந்தாள். போன வருடத்தை நினைத்துச் சந்தேகப்பட்டது தப்புதான் என்றாள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடவா என்றுகூடக் கேட்டாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

“என்னய மன்னிச்சிருங்க. இந்த வீட்டுல நேர்ச்சைய மீறுற ஆளு...”

அதற்கு மேல் சொல்லவிடாமல் அடிவயிற்றிலிருந்து அவளுக்கு ஒரு பெரிய ஏப்பம் வந்தது. சந்தனம் மணத்துக்கொண்டிருந்த அந்தக் கூடம் முழுக்க, நெய்யும் கிராம்புமாக, அசல் சீரகச் சம்பா மட்டன் பிரியாணி மணத்தது.