பூஜ்யத்துக்குப் பதில் மூன்று

"ஏம்மா, இல்லாத நாடகத்துக்கு இருநூறு டிக்கெட் எப்படி வித்துச்சு?"

மேனேஜர் போட்ட சத்தத்தில் டிக்கெட் பிரிவுப் பெண் ஓர் அடி பின்வாங்கினாள். மூன்றாம் அரங்கின் மேடையில், மூடிய திரைக்கு முதுகைக் காட்டி இருவரும் நின்றிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ஒரே சலசலப்பு.

"நிகழ்ச்சிக்குப் போடுற புது கோட் நம்பர் கம்ப்யூட்டர்ல வேலை செய்யுதான்னு பார்க்க, சும்மா ஒரு நிகழ்ச்சி போட்டேன் சார். அதுல முதல் எண்தான் எந்த அரங்குன்னு காட்டும். சோதனைன்னா பூஜ்யம் போடணும். நான் மூணு போட்டுட்டேன், மூணாம் அரங்குக்கு டிக்கெட் விக்க ஆரம்பிச்சிடுச்சு."

"தலைப்பு?"

"'பெயர் இன்னும் வைக்கவில்லை'ன்னு..."

"நவீன நாடகம்னு நெனச்சு வந்து உட்கார்ந்திருக்காங்க! போய் நீயே நடி!"

திரைக்கு அந்தப் பக்கம் சலசலப்பு சட்டென்று அடங்கியது. அடுத்து நாற்காலி பறக்கும் என்று அவளுக்குப் பட்டது.

"நீங்கதானே சார், நாலு அரங்குக்கும் ஒரே நாள்ல நம்பர் வேணும்னு உயிரை வாங்கினீங்க?"

"என் வேலைக்கே உலை வெச்சுட்டியே!" மேனேஜர் தலையில் கைவைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கைதட்டல் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். திரையைக் காணோம். ஓரத்தில் திரை இழுப்பவர் அன்றைய பட்டியலோடு நின்றார்.

"மூணாவது அரங்கு, ஆறரை மணின்னு போட்டிருந்துச்சு. டாண்ணு தூக்கிட்டேன்மா."

இருநூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். மேனேஜர் கண்ணைத் துடைத்தபடி எழுந்து அவள் காதருகே வந்தார்.

"நாளைக்கும் மூணே போடு. அழுகையை மட்டும் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பி."