இரண்டு நிமிடப் பூட்டு

"இந்த நூலை ஆர் கட்டினது?"

வவுனியாத் தலைமைக் கந்தோரிலிருந்து பரிசோதனைக்கு வந்திருந்த சுசிலா மிஸ் கேட்டதும், முல்லைத்தீவுக் கரையோர மீனவர் சங்கமொன்றின் கந்தோரில் இருந்தவர்கள் எல்லோரும் ஜெனுசனைப் பார்த்தார்கள்.

நூலின் ஒரு முனை தலையாட்டும் மேசை ஃபானில் இருந்தது. மறுமுனை, கணினியில் மேலதிகமாகச் செருகியிருந்த பழைய மவுஸில். ஃபான் அங்கே திரும்பினால் நூல் மவுஸை இழுக்கும். இங்கே திரும்பினால் ரப்பர் பான்ட் அதைத் திருப்பி இழுக்கும். யாரோ வேலை செய்கிறார்கள் என்று கணினி நம்பிக்கொண்டிருக்கும். திரை பூட்டிக்கொள்ளாது.

கட்டிய மகாராசன் ஜெனுசனேதான். கணினிப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவனும் அவனே, அதுதான் வெட்கக்கேடு. இரண்டு நிமிடம் தொடாவிட்டால் திரை பூட்ட வேண்டும், கடவுச்சொல் பதினாலு எழுத்தில் இருக்க வேண்டும் என்று சுசிலா மிஸ் எழுதி அனுப்பிய சுற்றறிக்கையை ஒரு மணித்தியாலம் விளக்கிக் கைதட்டு வாங்கியவன். 'பூட்டாத திரை, பூட்டாத வீடு' என்று சுவரில் ஒட்டியதும் அவன்தான். அந்தக் கடதாசி இப்போது அதே ஃபான் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

எல்லாம் பஸ்தியாம்பிள்ளை அண்ணையால் வந்தது. இன்றும் வந்து வாங்கிலில் குந்தியிருந்தார். படகுப் பதிவைப் புதுப்பிக்க வருகிறவர், இலக்கத்தைச் சொல்ல முன் நடுக்கடலில் எஞ்சின் நின்ற கதையைத் தொடங்குவார். முல்லைத்தீவில் எந்தக் கதை இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கிறது? திரை பூட்டிவிடும். ஜெனுசன் ஒற்றை விரலால் பதினாலு எழுத்தையும் குத்தி முடிக்க, அவர் அடுத்த கதைக்குப் போயிருப்பார். ஒருநாள் மூன்று தரம் பிழையாகக் குத்தி, கணினி அவனையே வெளியில் தள்ளியது. வரிசையில் நின்ற ஆன்சலா அக்கா, "உன்னையே உள்ளுக்கு விடாத நாயை வளத்து வைச்சிருக்கிறாய், தம்பி" என்றார். அன்றுதான் நூல் ஏறியது.

அவனுடைய நிரந்தர நியமனக் கடிதம் மிஸ்ஸின் கைப்பையில் இருந்தது. இன்று அவர் கையெழுத்து வைத்தால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் அப்பாவோடு களப்பில் இறால் பிடிக்கப் போகவேண்டும். அங்கே இறாலை விட அவன்தான் வலையில் அதிகம் சிக்குவான்.

பொய் சொல்லலாமா என்று யோசித்தான். ஃபான் தானாகக் கட்டிக்கொண்டது என்று சொல்ல முடியாது.

"நான்தான் மிஸ்."

"எப்ப?"

"மூண்டு மாசத்துக்கு முன்னம்."

"மூண்டு மாசமா இதே நூலோ?"

"ஓம் மிஸ்."

மிஸ் நூலை விரலால் சுண்டினார். இழுத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு முடிச்சைக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு கொப்பியில் எதையோ எழுதினார். பஸ்தியாம்பிள்ளை அண்ணை எழும்பி நின்று கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளியாலை நில்லுங்கோ. தம்பி, நீர் நில்லும்."

கதவைச் சாத்திவிட்டு வந்த மிஸ், கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். பேனையைத் திறந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எங்கட கந்தோரிலை தையல் நூல்தான் கட்டினனாங்கள், கிழமைக்கு ரெண்டு தரம் அறுந்துபோகுது. இது என்ன நூல் எண்டு சொல்லும், கையெழுத்து வைக்கிறன்."