சாக்லேட் ஓட்டு

பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கைவைக்கப் பிள்ளைகளின் ஓட்டு வேண்டும் என்று சட்டம் வந்தபின் கூடிய முதல் கிராமசபை அது. மைதானத்தில் வணிக வளாகம் கட்டத் தலைவருக்கு ஆசை. பயப்படாமல் மனதில் பட்டதைச் சொல்லுங்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் பேசியிருந்த தன்னார்வலர் இசக்கியம்மாளுக்கு, அவர்களைப் பார்த்ததும் நம்பிக்கை போய்விட்டது. எல்லா வாயிலும் சாக்லேட். பெரியவர்களுக்குப் பணம் கொடுத்தே பழகிய தலைவர், பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை.

"வளாகம் வேண்டாங்கிற பிள்ளைகள் கை தூக்குங்க" என்றார் செயலர்.

பிசுபிசுத்த கைகள் அத்தனையும் உயர்ந்தன.

தலைவர் பதறிப்போனார். "ஏ பிள்ளைகளா, சாக்லேட்ட வாங்கித் தின்னியள்லா?"

"தின்னோம் தாத்தா," என்றாள் முன்வரிசைச் சிறுமி மகிழினி. "அது செரிக்க ஓடியாட எடம் வேணும்லா?"

கூட்டத்தில் முதல் விசில் இசக்கியம்மாளுடையதுதான்.