குருவிக்கு ஒரு பூசை

ஓவியர் செவெரின் வுகோம்ஸ்கி ஒழுங்கு தவறாதவர். ஒரு தூரிகையைக் காதில் செருகிக்கொண்டுதான் மற்றொன்றால் வரைவார். ஆண்டுதோறும் சனவரியில் தேவாலயத்தில் குருவியின் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை ஒப்புக்கொடுப்பார்.

குருவி என்பது புனைபெயர். பதினோராண்டுகளுக்கு முன்பு, ருஷ்ய ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சிக்கு முந்திய வாரம், செவெரினும் குருவியும் உட்பட மூவர் குதிரையேறி உளவு பார்க்கச் சென்றனர். பிடிபட்டாலும் காட்டிக்கொடுக்க இயலாதபடி, ஒருவர் உண்மைப் பெயர் மற்றவருக்குத் தெரியாது. குளிருக்காகக் கண்வரை கம்பளி சுற்றியிருந்ததால் முகமும் தெரியாது.

காட்டோரத்தைப் பார்த்து வருவதாகச் சொல்லிப் போன குருவி திரும்பவே இல்லை. மூவருக்கும் இருந்த ஒரே வோட்காப் புட்டி அவனிடம் இருந்தது.

செவெரின் இரண்டையும் எண்ணி அழுதார்.

அம்மூவரையுந்தான் இப்போது வரைந்திருந்தார். ஞாயிறன்று வார்சாவில் கண்காட்சி. தணிக்கை முத்திரை விழுந்தால் படம் சுவரேறும். படத்திலிருப்பவர்கள் கிளர்ச்சிக்காரர்கள் என்று தெரிந்தால் ஓவியர் சைபீரியா போவார்.

படத்தைப் பார்க்க ஓவியரின் வீட்டுக்கே வந்த தணிக்கை அதிகாரி கோன்சோவ்ஸ்கி போலந்துக்காரர்தாம்; சம்பளம் மட்டும் ருஷ்யச் சக்கரவர்த்தியுடையது.

"படத்துக்குப் பேரு?"

"'வேட்டைக்குப் போவோர்'ங்கய்யா."

"வேட்டைன்னா நாய் எங்க?"

"அதுக்குச் சளி பிடிச்சிருக்குங்க. வீட்லயே விட்டுட்டு வந்துட்டாங்க."

"முயல் பிடிக்கிறவன் தரையைப் பார்ப்பான்யா. இவங்க மூணு பேரும், மாமனார் வந்து தொலைச்சிடுவாரோன்னு பயந்தாப்ல ரோட்டையே பாக்குறாங்களே?"

காதிலிருந்த தூரிகை கீழே விழுந்தது.

அதிகாரி, கடைசியாக நின்ற குருவியின் குதிரையை மூக்கு படுமளவு நெருங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது தப்பு. இதுக்கு வலது கண்ணு தெரியாது. தலையை வலப்பக்கமாத் திருப்பிட்டுத்தான் நடக்கும். மாத்திடுங்க."

செவெரினே அந்தக் கண்ணை மறந்திருந்தார்.

தாம் சொன்னது அப்போதுதான் அதிகாரியின் காதிலும் விழுந்தது போலும். முகம் சிவக்க, படத்தின் பின்புறம் முத்திரையை ஓங்கிக் குத்தினார். தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு விரைந்தார்.

அங்கே நின்றார்.

"அந்தக் குளிருக்கு ஒரு புட்டி மூணு பேருக்குக் காணாதுய்யா," என்றார், கதவைப் பார்த்தபடி.

காலடியோசை படியிறங்கி மறைந்தது. செவெரின் தூரிகையை எடுத்துக் குதிரையின் தலையை வலப்புறம் திருப்பினார்.

வரும் சனவரியில் பூசை வைப்பதில்லை என்று முடிவு செய்தார்.