நாலு மணிப் படகு

"போர்டுல போட்டிருக்கிற வழியிலதானே போவீங்க? நடுவுல எங்கேயும் திரும்ப மாட்டீங்களே?"

பாதி விலைக் கூப்பனை என் கையில் திணித்தபடி அந்த மனிதர் கேட்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"ஆமா சார், ஏறுங்க" என்று தலையாட்டினேன். முப்பது பேரை ஏற்றும் அவசரத்தில் யார் என்ன கேட்டாலும் அப்படித்தான் தலையாட்டுவேன்.

கூட வந்த பெண்மணியோடு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். படகு கிளம்பியதும் முன் வரிசைக்காரர்களிடம் பெருமையடிக்க ஆரம்பித்தார்.

"ரெண்டு பேர், ரெண்டு நாள், மொத்தமே நூத்தம்பது யூரோ! ரயில், ரூம், படகு எல்லாமே கூப்பன். மத்தியானச் சாப்பாட்டுக்குக் காலணா செலவில்லை. சந்தையில கடைக்குக் கடை சீஸ் துண்டு ருசி பார்க்கத் தர்றானே, அதுலயே வயிறு ரொம்பிடுச்சு."

"எனக்கு மட்டும் ஒரு ஹெர்ரிங் மீன் வாங்கிக் கொடுத்தார், வெங்காயத்தோட" என்று அந்தப் பெண்மணி சிரித்தார். மார்லூஸ் என்று பெயராம். "இந்த லெய்டன் ஊரே வேண்டாம், டெல்ஃப்ட் போகலாம்னு ஒத்தக் கால்ல நின்னார். நான்தான் விடலை. நாங்க பழகி மூணு மாசம்தான் ஆகுது. சேர்ந்து வர்ற முதல் பயணம்."

பெரிய பாலம் தாண்டியதும் படகை இடப்பக்கக் கால்வாய்க்குள் திருப்பினேன்.

"எங்கே போறீங்க?" அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"பக்கத்துலதான் சார். கரையில ஒரு முதியோர் இல்லம் இருக்கு. நாலு மணிக்கு எல்லாரும் வெளியில வந்து உட்கார்ந்திருப்பாங்க. நாம கையாட்டுவோம், அவங்களும் ஆட்டுவாங்க. அஞ்சே நிமிஷம்."

"இதுக்கா நான் காசு கொடுத்தேன்? படகைத் திருப்புங்க!"

"வௌட்டர், உட்காரு. என்ன இப்போ?" என்றார் மார்லூஸ்.

"உனக்குத் தெரியாது. போர்டுல ஒண்ணு, செய்யறது ஒண்ணு. இது மோசடி. நான் புகார் எழுதத்தான் போறேன்."

'இன்னும் ஒரு புகார் வந்தா அந்தக் கால்வாய்ப் பக்கமே போகக்கூடாது' என்று முதலாளி போன மாதமே கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆனால் அங்கே பதினோரு பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காத்திருப்பார்களே. எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவர்கள் கிளம்பினால், அவர்கள் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று கையாட்டியாக வேண்டும். அப்படிக் கையாட்டி வளர்ந்தவர்களுக்கு இப்போது வருகிறவர்களும் இல்லை, போகிறவர்களும் இல்லை. என் படகு ஒன்றுதான்.

நடப்பது நடக்கட்டும் என்று நேரே விட்டேன்.

"ஹெர்பென்! நாலு நிமிஷம் லேட்டு. உன் படகுக்கும் முட்டி வலியா?"

பெப் அத்தைதான். எண்பத்தாறு வயது. எங்கள் ஊரே அவரை அத்தை என்றுதான் கூப்பிடும். படகே சிரித்தது. எல்லோரும் கையாட்டினார்கள்.

"வௌட்டர், அந்தச் சிவப்பு சால்வை அம்மாவைப் பாரேன், என்ன வாய் பாரு!" மார்லூஸ் இரண்டு கைகளையும் ஆட்டினார்.

வௌட்டர் தரையோடு தரையாகக் குனிந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கால்வாயைத் தாண்டி வெளியே வரும்வரை அந்த மகராசனுக்கு முடிச்சு விழவே இல்லை.

அன்றைக்கு பெப் அத்தை வழக்கத்தைவிட அதிக நேரம் கையாட்டினார். இந்த மனிதர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் என்ன குறைந்துவிடும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சொன்னபடியே செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே முதலாளியின் ஃபோன்.

"ஹெர்பென், புகார் வந்திருக்கு. இன்னிலேர்ந்து நேர் வழிதான். பேச்சே கிடையாது."

அவர்கள் நாலு மணிக்கு வெளியே வந்து ஏமாறக்கூடாதே என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனேன். ஹாலில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் கோப்பையைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

பெப் அத்தை மட்டும் கேட்டார். "யாருப்பா புகார் கொடுத்தது?"

"நேத்து கடைசி வரிசையில ஒரு கருமி உட்கார்ந்திருந்தான் அத்தை. உங்களையெல்லாம் நிமிர்ந்துகூடப் பார்க்காம குனிஞ்சே இருந்தானே, அவன்தான். அவனைச் சொல்லிக் குத்தமில்லை. அப்படி வளர்த்து விட்டாங்களே பெத்தவங்க, அவங்களைச் சொல்லணும்!"

"சொல்லு, சொல்லு" என்றார் அத்தை.

இதற்கு மேல் திட்டி என்ன ஆகப்போகிறது என்று பேச்சை மாற்றினேன். "அதை விடுங்க. உங்க பையன் இந்த வாரம் பார்க்க வர்றதா இருந்தாரே. திடீர்னு ஜுரம், எழுந்திரிக்கவே முடியலைன்னு ஃபோன் பண்ணினார்னீங்க. இப்போ எப்படி இருக்காராம்?"

"நல்லாத்தான் இருக்கான்."

சொல்லிவிட்டு, மடியிலிருந்த சால்வையை மெதுவாக நீவிவிட்டுக்கொண்டார்.

"அந்த ஆளைத் திட்டாதே ஹெர்பென். எட்டு வயசுல செர்ரி மரத்துலேர்ந்து விழுந்து முதுகுல அடிபட்டவன். அவ்வளவு நேரம் குனிஞ்சே இருந்தானே, எப்படி வலிச்சிருக்கும் அவனுக்கு!"