ஒரு கை குறையுது

“இன்னா டென்னிசு, வாசப்படியில நின்னுகினு? உள்ள வாப்பா, ஒரு கை குறையுது!”

பாபு கத்திய கத்தலில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

டென்னிஸுக்கு எரிச்சலாக வந்தது. கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறியதும் கதவோரம் நின்றுவிட வேண்டும், யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற இந்தச் சீட்டாட்டக் கும்பலுக்கு அது பொறுக்காது.

“மனசு சரியில்ல பாபு. விடு.”

“அத்த உள்ள குந்திகினு சரியில்லாம இரு. இன்னிக்கி தங்கவேலு அண்ணன் லீவு. மூணு பேரு எப்டி ஆடறது?”

நேற்று சூசைராஜ் லீவு. அதற்கு முன்தினம் நேசமணி லீவு. நாலு பேர் கும்பலில் தினம் ஒருத்தர் மட்டம். இவர்களுக்கெல்லாம் எந்தப் புண்ணியவான் சம்பளம் கொடுக்கிறானோ என்று நினைத்துக்கொண்டான் டென்னிஸ். அவனுக்கோ ஒரே ஒரு நாள் லீவு கேட்க நாக்கு எழவில்லை.

வருஷத் தொடக்கத்தில் ஊரிலிருந்த தங்கச் சுரங்கத்தை, அந்த மைன்ஸை, இழுத்து மூடினார்கள். வேலை போனதும் படுத்தவன்தான் டென்னிஸ். மனைவி ஜெயசீலிதான் பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே கொடுத்த மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாக அவனை எழுப்பி உட்கார வைத்தது. ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலையும் கிடைத்தது.

இப்போது மாத்திரை தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் காலையில் மட்டும்தான் கொடுப்பார்கள். போவதானால் லீவு போட வேண்டும். புது வேலை. மேனேஜரிடம் என்னவென்று சொல்வது? மண்டைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்றா?

“மாத்திரை வாங்கினீங்களா?” என்று ஜெயசீலி கேட்கும்போதெல்லாம், “வாங்கிட்டேன்” என்று பொய் சொன்னான்.

மாத்திரை நின்றதிலிருந்து தலைக்குள் சுரீர் சுரீரென்று இழுத்தது. சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் ஒரு ஷிப்ட் முழுக்கப் பாறை உடைத்தவன் மாதிரி களைத்துப்போனான். எதற்காக எழுகிறோம், எதற்காகப் போகிறோம் என்றே விளங்கவில்லை. ஓடுகிற ரயிலின் கதவோரம் நின்று கீழே பார்த்தால் மட்டும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதி நல்லதில்லை என்று அவனுக்கே தெரியும்.

சலித்துக்கொண்டே போய் உட்கார்ந்தான். நாலு பேர் முழங்கால் மேலும் துண்டை விரித்துச் சீட்டைப் போட்டார்கள். நேசமணி தொடைக்கடியில் ஒரு ஜாக்கியை ஒளித்து வைத்துக் கையும் களவுமாக மாட்டினார்.

“ஐயையோ, இது எப்டி இங்க வந்துச்சி?”

டென்னிஸ் சிரித்துவிட்டான். சிரித்தது தான்தானா என்று அவனுக்கே ஆச்சரியம்.

வழியில் பங்காருப்பேட்டை ஸ்டேஷனில் தோற்றவர்கள் டீ வாங்க வேண்டும் என்பது சட்டம். இஞ்சி தட்டிப் போட்ட சுடு டீ. டம்ளரை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம் நன்றாகவே இருந்தது. பெங்களூர் கன்டோன்மென்டில் இறங்கியதும் பழையபடி நெஞ்சில் பாரம் ஏறிக்கொண்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, “போறேன்” என்றான்.

“வரேன்னு சொல்லுங்க!” அடுப்படியிலிருந்து ஜெயசீலி கடிந்துகொண்டாள்.

அவன் சொல்லாமலே நடந்தான்.

பாபு கண்ணில் படக் கூடாதென்று கடைசிப் பெட்டியில் ஏறினான். பங்காருப்பேட்டை தாண்டி ரயில் வேகமெடுத்தது. அன்றைக்கு டீயும் இல்லை, சிரிப்பும் இல்லை. கதவோரக் கம்பியைப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்தினான்.

யாரோ பின்னாலிருந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். இரண்டு பேரும் தடாலென்று தரையில் விழுந்தார்கள். ஒரு டிபன் டப்பா உருண்டு ஓடியது.

தங்கவேலு!

“இன்னாடா பண்ற? இன்னாடா பண்ற நீ?” பிடித்த சட்டையை அவர் இன்னும் விடவில்லை.

டென்னிஸ் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதான். “மாத்திரை தீந்துபோச்சிண்ணா. வாங்கப் போவல. வூட்ல பொய் சொல்லிகினு இருக்கேன். முடியலண்ணா.”

“முன்னமே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? எழுந்திரு. இன்னிக்கி உன் வேலையும் வாணாம், ஒண்ணும் வாணாம். நேரா ஆஸ்பத்திரிக்குப் போறோம். நானும் லீவு போட்டுட்டு கூட வரேன்.”

டென்னிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “உங்களுக்கு ஏதுண்ணா லீவு? இருக்கிற லீவெல்லாம்தான் போட்டுட்டீங்களே. பாபு சொன்னானே.”

தங்கவேலு டிபன் டப்பாவை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

“ஒரு லீவும் போடலப்பா. அன்னிக்கி உன் காலு படிக்கு வெளிய தொங்கறத பாபு பாத்துட்டான். நாங்க நாலு பேரும் அங்கியே இருந்தா, உன்ன இன்னா சொல்லி உள்ள கூப்புடறது? அதான் தினம் ஒருத்தரு இந்தப் பெட்டிக்கு வந்து குந்திக்கிறோம்.”