ஒரு மீட்டர் உயர்ந்தால்

கொழுந்தனும் ஓரகத்தியும் கடற்கரையில் வீடு கட்டியதிலிருந்து மூத்த மருமகளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. கடல் மட்டம் உயர்ந்தால் எந்தத் தெரு மூழ்கும் என்று காட்டும் இணைய வரைபடத்தைத் திறந்து, ஒரு மீட்டர் உயர்த்திப் பார்த்தாள்.

"முதல்ல அவ வீடுதான் முங்கும்!" என்றாள் கணவனிடம், முகமெல்லாம் பல்லாக.

அவன் எட்டிப் பார்த்தான். "அது மணல்மேடு, தப்பிச்சுடுச்சு. தண்ணி கால்வாய் வழியா நம்ம தெருவுக்குத்தான் வருது."

"இதுலயும் அவளுக்குத்தான் யோகமா?"

"வீடு கட்டுறதுக்கு முன்னாடியே அவ இந்த மேப்பைப் பாத்துட்டா. மாடியில ரெண்டு ரூம் நமக்காகத்தான் கட்டியிருக்கா. நீதான் அந்த வீட்டுப் பக்கமே போகலையே!"

அவள் வரைபடத்தை மூடிவிட்டு மெல்லக் கேட்டாள்:

"நம்ம ரூம் பெருசா, அவ ரூம் பெருசா?"